அடைவு

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபொழுது, எம் கணினியில் குவிந்து கிடந்த ஒலிக்கோப்புகளை ஒழுங்குபடுத்தத் தலைப்பட்டோம். அதனால் எமக்கு நேர்ந்த இலாபமும் நஷ்டமும், எம்மைப்போற் கணினியிலே பொருள் சேர்த்து வைக்கும் மாணவ நண்பர்கட்கு ஒருவாறு பயன்படுமென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயில்வோர் நிரல் எழுதிய கதையைக் கூறப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும் என்று கணித வகுப்பு நண்பர்கள் நகைப்பாராயின், நகைத்துவிட்டுப் பின்னும் படிப்பாராக.

எம் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்கும் கோம்பைக்கும் இடையே உள்ளதொரு சிற்றூர். ஆங்கு எம் தாயாரைப் பெற்ற பாட்டியார் வாழ்ந்து வந்தார். அவரை அம்மாச்சி என்று அழைப்பது எம் பக்கத்து வழக்கு. இளமையில் வயல்வேலையும், பின்னர்ப் பல்லாண்டு ஏலத்தோட்ட வேலையும் செய்தவர். வைகறையில் ஜீப்பிலேறிக் கம்பம்மெட்டு வழியாக மலைமேற் சென்று இருட்டும் வேளையில் வீடு திரும்பும் பெண்கள் கூட்டத்தில் அவரும் ஒருவராக இருந்தார். எழுத்தறியார், எனினும் நாற்று நடும்போதும், களை பறிக்கும்போதும், பிள்ளையை உறக்கும்போதும், இறந்தோரை நினைந்து அழும்போதும் பாடும் பாட்டுக்கள் அவரிடம் எண்ணிறந்து கிடந்தன. ஆலயத்தில் பாட்டுப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லும் பிழையாமற் கீர்த்தனம் பாடுவார் என்பது எம் சபையார் அனைவரும் அறிந்த செய்தி.

நாட்டார் வழக்காற்றியற் பாடத்தின்பொருட்டு அவர் பாட்டுக்களைக் கைப்பேசியிற் பதியத் தொடங்கினோம். பாடம் முடிந்த பின்னரும் பதிவு முடியவில்லை. யாம் கல்லூரியில் இருக்கும் நாட்களில் எம் மாமா பதிந்து வாட்ஸாப்பில் அனுப்புவார். இவ்வாறு இரண்டாண்டு சென்றது. அவ்வாண்டுத் தை மாதம் அம்மாச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதன்பின், மறந்துபோன அடியை மீண்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்னும் நிலை ஒழிந்தது. கணினியில் இருந்ததே எஞ்சியது. எண்ணிப் பார்த்தபொழுது கோப்புகள் 643 இருந்தன.

எண்ணுவது எளிதாயிற்று, வேண்டிய ஒன்றை எடுப்பதுதான் அரிதாயிற்று. கைப்பேசி தானே இட்ட பெயர்கள் எல்லாம் ‘புதிய பதிவு 1’, ‘புதிய பதிவு 2’ என்னும் வகையின. அவற்றையும் கணினி எண்முறையாக வைத்ததா எனின், இல்லை. எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது அதன் வழக்கமாதலின் 1-க்குப் பின் 10, அதன்பின் 100, அதற்கும் பின்னரே 2 என்று நிறுத்தியிருந்தது. எண்களின் முன் சுழி இட்டு இலக்கங்களைச் சமமாக்கிவிடின் இத்தொல்லை இராது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தார் தம் மின்னூற் கோப்புகட்கு 0001 என நான்கிலக்கமாக எண் இட்டிருத்தலைப் பின்னர்க் கண்டபொழுது, அவர்தம் முன்யோசனையை வியந்தோம்.

ஈண்டுச் சொற்கள் இரண்டைப்பற்றி ஒரு வார்த்தை. கோத்து வைப்பது கோப்பு. கோப்புகள் இருக்கும் இடத்தைச் சிலர் கோப்புறை என்பர். சிலர் அடைவு என்பர். எமக்குப் பின்னதே உவப்பானது. அடைவு என்பதற்கு முறைமை, ஒழுங்கு என்னும் பொருள்கள் பழைய உரைகளிற் பயில்வன. உறை எதனையும் உள்ளே திணித்துக்கொள்ளும். அடைவோ எது எதற்குப் பின் நிற்பது என்று கேட்கும்.

பைத்தான் என்னும் நிரல்மொழியை எமக்குக் கற்பித்தவர் விடுதியில் எம் அறைத்தோழராகிய கணித மாணவர். நெதர்லாந்து நாட்டினராகிய கைடோ வான் ராஸம் என்பவர் ஆக்கி 1991-இல் வெளியிட்ட மொழி அது. நண்பர் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் வீட்டினர். ஆகவே அவர் கூறிய உவமையும் ஏலக்காயாகவே இருந்தது. “எட்டு மில்லிமீட்டர்ச் சல்லடையில் இட்டால் எட்டுக்கு மேற்பட்ட காய் மேலே நிற்கும், கீழ்ப்பட்டது விழுந்துவிடும். கோப்புகளையும் அப்படியே சலித்து எடுக்கலாம், பாரும்” என்றார். அவர் கூறியபடியே ஒரு வரி எழுதினோம். வாட்ஸாப்பில் வந்த ஓபஸ் வகைக் கோப்புகள் எல்லாம் ஒருபுறமாக வந்து நின்றன. அரைநாள் கண் நோகத் தேடிய வேலையை இமைப்பொழுதில் முடித்த அம்மொழியின்மேல் எமக்கு அளவிறந்த மோகம் உண்டாயிற்று. கெடுதிக்கு விதை அதுவே.

ஓர் அடைவுக்குள் உள்ளடைவும், அதனுள் மற்றோர் உள்ளடைவும் இருக்குமன்றோ? அவை அனைத்தினுள்ளும் புகுந்து வருவதற்குப் பைத்தானில் வாக் என்றொரு கருவி உண்டு. எம் பள்ளத்தாக்கினர்க்கு அதனை விளக்குவது எளிது. முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வந்து, லோயர்கேம்ப் முதற் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நன்செய்க்குப் பாய்கின்றது. ஆற்றினின்று வாய்க்கால், வாய்க்காலினின்று மடை, மடையினின்று வயல் என்று அந்நீர் புகாத கிளை இல்லை. வாக் என்பதும் தலைமதகிற் புறப்பட்டுக் கடைமடை வரை செல்லும். ஆனால் வெற்றடைவுகளை நீக்குங்கால் அதனைக் கடைமடையினின்று மேல்நோக்கி வரச் செய்தல் வேண்டும். உள்ளே ஒன்று இருக்கும்வரை வெளியடைவு நீங்காது. இது நல்ல காவல். ‘உள்ளிருப்பதோடு சேர்த்து அனைத்தையும் நீக்கு’ என்னும் வேறோர் ஏவலும் உண்டு; அது கரை உடைந்தாற்போன்றது. நீக்கப்பட்டவை குப்பைத்தொட்டிக்கும் செல்லா. அதனை யாம் தொடவில்லை. தொட்டதெல்லாம் பெயர் மாற்றும் ஏவல்தான். பெயரை மாற்றுவதால் யாது கேடு வரும் என்று இருந்தோம்.

எம் முதல் நிரல் பதினொரு வரி. அடைவுகள் எல்லாவற்றினுள்ளும் புக வேண்டும். ஒவ்வொரு கோப்பும் எப்பொழுது எழுதப்பட்டதென்று பார்க்க வேண்டும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்னும் ஐந்தையும் சேர்த்து அக்கோப்புக்குப் பெயராக்கி, ஒரே புதிய அடைவில் வைக்க வேண்டும். இவ்வளவே எம் கட்டளை. ஓர் இரவு உணவுக்குப்பின் அதனை ஓட்டினோம். பிழை என்று ஒரு சொல்லும் திரையில் எழவில்லை. பெயர்கள் எல்லாம் காலமுறையாக, அணிவகுத்த படைபோல் நின்றன. அம்மாவை அழைத்துக் காட்டினோம். அம்மாவும் மகிழ்ந்தார். உறங்கச் செல்லுமுன், ஏதோ எண்ணத்தால் தொகையைப் பார்த்தோம். 614 என்றிருந்தது.

முதலில் எம் கண்ணை ஐயுற்றோம். பின்பு கணினியை ஐயுற்றோம். பழைய அடைவுகளைத் திறந்து பார்த்தால் அவை வெறுமையாய் இருந்தன. இருபத்தொன்பது கோப்புகளைக் காணோம். அவ்விரவு யாம் உறங்கவில்லை என்று எழுதினால் அலங்காரமாகத் தோன்றும்; ஆயினும் உண்மை அதுவே.

நடந்தது இது. ஒரே நிமிடத்தில் எழுதப்பட்ட இரண்டு கோப்புகட்கு எம் நிரல் ஒரே பெயரைத் தந்தது. விண்டோஸ் ஆயின், அப்பெயரில் முன்னமே ஒரு கோப்பு உண்டு என்று கூறிப் பைத்தான் நின்றிருக்கும். எம் கணினி லினக்ஸ். ஆங்கு அதே ஏவல், முன்னிருந்த கோப்பை ஒன்றும் கூறாமல் ஒழித்துவிட்டுப் பின்வந்ததை அவ்விடத்தில் வைக்கும். இது மறைவான செய்தியன்று. பைத்தானின் கையேட்டில் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. நூலைப் படியாமல் உரை எழுதப் புகுந்தவனுடைய கதி எமக்கு வந்தது.

தொலைந்தவற்றுள் இருபத்திரண்டு மாமா அனுப்பியவை. ஒரே நாளில் மொத்தமாக இறக்கியமையால் அவற்றிற் பல ஒரு நிமிடத்துக்குரியனவாகப் பதிவாகியிருந்தன. நல்லவேளையாக அவை மாமாவின் கைப்பேசியிலேயே இருந்தன, மீண்டன. ஏனைய ஏழும் எம் கைப்பேசியிற் பதிந்தவை. அதில் இடம் போதாமையால் மூலங்களை முன்னமே அழித்திருந்தோம். நண்பர் மூன்று நாள் முயன்றும் அவற்றை மீட்க இயலவில்லை.

அவ்வேழும் எத்தகையவை என்பதை நினைக்குந்தோறும் எமக்கு உளைச்சல் உண்டாகும். ஒரே நிமிடத்தில் இரண்டு பதிவு எப்பொழுது நேரும்? அம்மாச்சி ஒரு பாட்டை எடுப்பார். இரண்டோர் அடியில் இருமல் வரும். யாம் பதிவை நிறுத்துவோம். அவர் நீர் பருகியபின் மீண்டும் தொடங்குவோம். முன்னது போய்ப் பின்னது நின்றது. ஆகவே, எஞ்சிய ஏழிலும் பாட்டின் தலை இல்லை. ஒன்றில் இருமலும், “போதும், நிப்பாட்டு” என்னும் சொல்லும் மட்டுமே உள்ளன.

விடுமுறையின் மிகுதியில் இரண்டாம் நிரலை எழுதினோம். அதற்கு முன் உ. வே. சாமிநாதையர் செய்த வேலையை நினைந்தோம். அவர் ‘சீவக சிந்தாமணி’யை அச்சிட்டது 1887-இல், பெரியாற்று அணையின் வேலை தொடங்கியதும் அவ்வாண்டே என்பது எம் பள்ளத்தாக்கினர் உவக்கத்தக்க ஒற்றுமை. ஒரு நூலுக்குப் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தவர் அவர். திருத்தம் என்பது படியெடுத்த தாளில் நிகழ்வது; மூல ஏடு மூல ஏடாகவே கிடக்கும். இம்முறையை வகுப்பிலே கேட்டுத் தேர்விலும் எழுதி மதிப்பெண் பெற்ற யாம், எம் வீட்டு ஏட்டிலேயே கைவைத்தோம்.

ஆகவே புதிய நிரல் எதனையும் நகர்த்துவதில்லை. படி எடுக்கும், அதுவும் எழுதிய காலம் மாறாமற் படி எடுக்கும் காப்பி2 என்னும் ஏவலால் எடுக்கும். புதிய பெயரில் முன்னமே ஒன்று இருப்பின் ஈற்றில் எண் சேர்த்து வேறு பெயராக்கும். இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. முதல் ஓட்டத்தில் அது யாதும் செய்யாது. ‘இன்ன பெயர் இன்னதாக மாறும்’ என்று 636 வரிகளைத் திரையில் எழுதிக் காட்டி நின்றுவிடும். அதனைத் தாளில் எடுத்து, மாமாவும் யாமும் திண்ணையில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் படித்தோம். பழம்பெயர், புதுப்பெயர், நாள், நீளம் என்பவற்றைப் பேரேடு ஒன்றில் நிரலே பதியவும் செய்தோம். ஒரே பொருளுடைய கோப்புகளைக் கண்டறிய, ஒவ்வொன்றின் உள்ளடக்கத்தினின்றும் 64 எழுத்துடைய முத்திரை ஒன்றைக் கணித்துத் தரும் கருவியும் பைத்தானில் உண்டு. முத்திரை ஒத்தவை சில இருந்தன. அவற்றையும் அழிக்கவில்லை, பேரேட்டிற் குறித்ததோடு அமைந்தோம். கை சுட்டவர் அடுப்பருகே செல்லும் முறை அது.

இனித் தமிழ் மாணவர்க்குரிய பகுதி. யாம் அடைவுகட்குத் தமிழிலேயே பெயரிட்டோம். உடனே புதிய தொல்லை எழுந்தது. ‘போடி’ என்னும் அடைவு இரண்டு இருந்தன! ஓரிடத்தில் ஒரே பெயருடைய இரண்டு அடைவு இருத்தல் கூடாதே என்று மயங்கினோம். ஆராய்ந்தபொழுது, ஒன்றில் ஓகாரக் குறி முழுதும் ஒரே குறியீடாகவும், மற்றொன்றில் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருந்தமை புலனாயிற்று. மாமாவின் மகள் தன் கணினியில் உருவாக்கித் தந்த அடைவு பின்னது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கோ ஒன்று நான்கு குறியீடு, மற்றது ஐந்து. யூனிகோடு முறையில் இவை இரண்டும் சமமென்றே விதிக்கப்பட்டுள்ளன. எனினும் லினக்ஸ் பெயர்களை எழுத்தாகக் கருதாமல் வெறும் பைட்டுகளாகவே கொள்ளும். பைத்தானின் நார்மலைஸ் என்னும் ஏவலால் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்த பின்னரே இரண்டு போடியும் ஒன்றாயின. எம் நண்பரிடம் இதனைக் கூறியபொழுது, தம் ஊர் இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்ந்த செய்தியை ஒருவரும் தமக்கு அறிவிக்கவில்லையே என்று குறைபட்டார்.

மற்றொரு நாள், பாட்டின் முதலடி முழுவதையும் கோப்பின் பெயராக்க முயன்றோம். ‘பெயர் நீண்டுவிட்டது’ என்று கணினி மறுத்தது. ஒரு பெயருக்கு 255 பைட்டு என்பது அதன் எல்லை. ஆங்கிலத்தார்க்கு அது 255 எழுத்து. நமக்கோ ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட்டு. ‘அம்மாச்சி’ என்பது இலக்கணப்படி ஐந்தெழுத்து. யூனிகோடு மெய்யையும் புள்ளியையும் உயிர்க்குறியையும் வேறுவேறாக எண்ணுதலின் அதற்கு ஒன்பது. வட்டிலோ அது இருபத்தேழு பைட்டு. நன்னூலார் கணக்கும் கணினியார் கணக்கும் இவ்வாறு பிணங்கும்.

வரிசையும் அங்ஙனமே. ‘கம்பம்’, ‘கமலை’ என்று இரண்டு அடைவுகள் வைத்திருந்தோம். மாடு பூட்டி நீர் இறைத்த நாளில் பாடிய பாட்டுக்கள் பின்னதில் உள்ளன. அகராதி முறையில் மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வருதலின் கம்பமே முதலாவது. பைத்தானோ கமலையை முன்வைத்தது. புள்ளிக்கு அது தந்த எண் பெரிது. மேலும் ‘ய ர ல வ ழ ள ற ன’ என்று நாம் சிறுவயதில் ஓதியதை அது அறியாது. நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், வகரத்துக்கு முன்னே ழகரம் என்று நிறுத்தும். இந்திய மொழிகட்கெல்லாம் பொதுவாக 1988-இல் வகுத்த இஸ்கி முறையை யூனிகோடு தழுவியமையால் வந்தது இது. யாம் எழுத்துக்களை நெடுங்கணக்கு முறைப்படி எண்ணிட்டு ஒரு பட்டியல் செய்து, அதன்படி வரிசைப்படுத்துமாறு பைத்தானைப் பணித்தோம். முப்பது வரி ஆயிற்று. கம்பம் முன்னே வந்து நின்றபொழுது எமக்கு உண்டான பெருமிதம், எம் தேர்வு எண்களைக் கண்டு உண்டானதினும் பெரிது.

எவ்வடைவில் எதனை வைப்பது என்னும் வழக்கு மட்டும் இன்றும் முற்றும் தீர்ந்தபாடில்லை. ஏலத்தோட்டத்தில் தூளியை ஆட்டிக்கொண்டு பாடிய பாட்டு, தாலாட்டா தோட்டப்பாட்டா? ஓர் அடைவில் வைத்தால் மற்றதில் இராது. முடிவில், பாடியவர் பெயரால் மட்டும் அடைவு பிரித்து, ஏனைய செய்திகளைப் பேரேட்டில் எழுதினோம். இதுவும் குறையுடையதே, ஆயினும் பேரேட்டைத் திருத்தினால் பாட்டு அழியாது.

விடுமுறை முடியும் நாளில் எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவுகளிற் படி எடுத்து, ஒன்றை மாமாவிடம் தந்தோம். ஏழு பாட்டுக்கள் போன செய்தியை அதுகாறும் அவரிடம் மறைத்திருந்தோம். பேரேட்டில் அவ்வேழு வரிகளுக்கு எதிரே ‘தலைப்பகுதி இல்லை’ என்று எழுதியிருந்ததைக் கண்டு, அது யாதென்று வினவினார். கூறினோம். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “இதில் நாலாவது, கூடலூர்ப் பக்கம் நடவுக்குப் போனபோது அம்மா பாடினது. தொடக்கம் எனக்குத் தெரியும் மாப்பிள்ளை, போட்டுப் பிடி” என்றார்.

கைப்பேசியை எடுத்தோம். மாமாவுக்குக் குரல் கிடையாது. இராகம் இரண்டிடத்தில் விலகிற்று; ஓர் அடியை மறந்து, மீண்டும் முதலிலிருந்து எடுத்தார். அதனை வேறு கோப்பாகவே பதிந்தோம். அம்மா அதனை அம்மாச்சியின் பாட்டோடு சேர்த்து வைக்கச் சொன்னார். யாம் அங்ஙனம் செய்யவில்லை. மாமாவின் பெயரால் ஓர் அடைவு உண்டாக்கி அதில் வைத்து, பேரேட்டின் அவ்வரியில் ‘தலைப்பகுதி இல்லை, மகன் பாடியது காண்க’ என்று எழுதினோம். மற்ற ஆறும் தமக்கு நினைவில்லை என்றார். சின்னமனூரிலுள்ள பெரியம்மாவுக்கு இரண்டொன்று தெரிந்திருக்கலாம் என்றும் கூறினார். வரும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஆங்குச் செல்ல எண்ணியுள்ளோம்.